பிடுங்கினால் பாதிதான் வரும்

எங்கள் ஊர்ப்பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். திருவண்ணாமலை மாவட்டத்தில் செம்மண் கொல்லை வைத்திருக்கும் வீடு எதுவானாலும், ஆடியில் போட்ட மல்லாட்டையை ஐப்பசியில் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன் ஒரு மழை பெய்து மண் இளகியிருக்க வேண்டும். காய்ந்து கிடந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் கொத்தை வைத்துக் கிளறிப் பொறுக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு அந்தப் பொறுக்கும் வேலைதான் கிடைக்கும். ஆயா வரப்போரம் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருக்கும்.

ஏழெட்டு வயதில் ஒருநாள் பிடுங்கிய செடி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். வேர் முழுக்க மிளகளவு கூட இல்லாத சின்னச் சின்ன உருண்டைகள். அம்மை போட்ட உடம்பு மாதிரி இருந்தது. "ஆயா, இந்தச் செடிக்கு நோவா?" என்று கேட்டேன். "நோவு இல்லடா. அது இருந்தாத்தான் செடி கறுகறுன்னு இருக்கும். நசுக்கிப் பாரு" என்றது. கட்டைவிரல் நகத்தால் ஒன்றை அமுக்கினேன். உள்ளே இளஞ்சிவப்பு. நகக்கண்ணில் ஒட்டிய அந்த ஈரம், அரைத்த கறியைத் தொட்டுவிட்டு வந்த விரல் போல இருந்தது.

இப்போது நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலுக்காகச் செடி ஒரு புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன், லெக்ஹீமோகுளோபின். ஆக்சிஜனைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டிய அளவுக்கு மட்டும் அளந்து கொடுக்கும். முடிச்சு சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துபோன முடிச்சு. பயறுவகைச் செடிகள் முடிச்சுகளின் உதவியோடு காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கின்றன என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886-ல் அறிவித்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே விவசாயிகள் பயறு போட்ட நிலத்தில் அடுத்த பயிர் நன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மல்லாட்டையில் இன்னொரு சங்கதி உண்டு. பல பயறுச் செடிகளில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக உள்ளே நுழையும். மல்லாட்டை வேரில் தூவிகள் மிகக் குறைவு. அங்கே பாக்டீரியா வேறு வழி பார்க்கிறது. பக்கவேர் தாய்வேரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது ஒரு சின்ன வெடிப்பு விழுமே, அதற்குள் புகுந்துகொள்ளும். அதனால்தான் மல்லாட்டையில் முடிச்சுகள் பெரும்பாலும் பக்கவேர் கிளைக்கும் கக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த தடவை பிடுங்கும்போது பாருங்கள், அப்படியே வரிசையாகத் தெரியும்.

நாம் வேர் என்று கையில் பிடித்துப் பார்ப்பது வேரில் பாதி கூட இல்லை. இதை எனக்கு உறைக்க வைத்தது ஒரு பழைய கணக்கு. அமெரிக்காவின் அயோவாவில் டிட்மர் என்ற தாவரவியலாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை செடியின் வேரை அலசி எடுத்து அளந்து 1937-ல் வெளியிட்டார். ரை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியம். எல்லா வேர்களையும் நீளவாக்கில் சேர்த்தால் 620 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் போகலாம். வேர்த்தூவிகள் 1,400 கோடி, அவற்றைச் சேர்த்தால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு செடிக்கு, ஒரு பெட்டி மண்ணில்! பிடுங்கும்போது அந்தத் தூவிகளில் ஒன்றுகூட முழுசாக நம் கைக்கு வராது. அறுந்து மண்ணோடு மண்ணாக நின்றுவிடும். கரும்பலகையில் நான் வேர் என்று வரையும் கோடுகளைப் பார்த்தால் எனக்கே சில நேரம் கூச்சமாக இருக்கிறது.

இத்தனை நீளம் எதற்கு? தண்ணீருக்காக என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தண்ணீர் ஓரளவுக்கு வேரைத் தேடித் தானே வரும், தழைச்சத்தும் அந்தத் தண்ணீரோடு கரைந்து வரும். வராமல் அடம்பிடிப்பது மணிச்சத்துதான். பாஸ்பரஸ். மண்ணில் அது ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை எடுத்து முடித்துவிட்டால், அந்த இடம் காலிப் பாத்திரம் மாதிரி. மேலும் வேண்டுமென்றால் வேர்தான் நகர வேண்டும். அதிலும் செம்மண் என்றால் இன்னும் மோசம். செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் அதே இரும்பு, மணிச்சத்தை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டை மூட்டையாக டிஏபி வாங்கிப் போட்டாலும், அதிலுள்ள மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைப்பது ஒரு சிறு பங்குதான். மீதி மண்ணிலேயே இருக்கிறது, ஆனால் பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் துவரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே துவரைக்காகத்தான்.

ஆயா காலத்தில் மல்லாட்டைக் கொல்லையில் ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை கட்டாயம் இருக்கும். ஆடியில் இரண்டையும் சேர்த்தே விதைப்பார்கள். மூன்றரை மாதத்தில் மல்லாட்டை போய்விடும். துவரை அப்புறமும் தனியாக நின்று, மார்கழிப் பனியில் மஞ்சளாகப் பூத்து, தை மாசியில் அறுப்புக்கு வரும். பருப்பு வீட்டுக்கு, பொட்டு மாட்டுக்கு, மிளார் அடுப்புக்கு. ஆயா துவரை போட்டதற்குக் காரணம் இவ்வளவுதான். மணிச்சத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று அதன் வாயில் இல்லாத வார்த்தையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. சாம்பாருக்குப் பருப்பு வேண்டும், போட்டது.

ஹைதராபாத் பக்கத்தில் பட்டஞ்செருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மானாவாரிப் பயிர்களுக்கான இடம். அங்கே ஜப்பானைச் சேர்ந்த நொரிஹாரு ஏ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் துவரையை வைத்துச் செய்த ஆய்வு 1990-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. இரும்பு பிடித்து வைத்திருக்கும் மணிச்சத்தை எடுப்பதில் துவரை மற்ற பல பயிர்களை மிஞ்சி நின்றது. எப்படி என்று வேர்க் கசிவைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் பிசிடிக் அமிலம் என்று ஒன்று இருந்தது. அது மண்ணிலுள்ள இரும்பை நண்டு கொடுக்கால் கவ்வுவது போலக் கவ்விக்கொள்கிறது. இரும்பின் கை வேறு பக்கம் போனதும், அது பிடித்திருந்த மணிச்சத்து கழன்று வருகிறது. துவரை எடுத்துக்கொள்கிறது.

இதை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேர் என்றால் உறிஞ்சும் குழாய் என்று படித்து, அப்படியே பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தவன் நான். இங்கே வேர் முதலில் கொடுக்கிறது. இலை வெயிலில் நின்று சமைத்த சர்க்கரையிலிருந்து ஒரு அமிலத்தைச் செய்து, அதைத் தன் உடம்புக்கு வெளியே, இருட்டில், கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் இடத்தில் கசியவிடுகிறது. அந்தக் கசிவில் தன் பக்கத்து மண்ணையே வேறு மண்ணாக மாற்றிக்கொள்கிறது. வேரைச் சுற்றியுள்ள அந்த மெல்லிய மண்ணுக்கு ஜெர்மானிய விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-லேயே ரைசோஸ்பியர் என்று தனிப் பெயர் வைத்துவிட்டார். வேர் மண்டலம் என்று நம் பாடநூலில் வரும். அதைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளினால் வெறும் மண், வேர் தொடாத மண்.

துவரை இரும்பிடம் இருப்பதை எடுக்கும், கூட விதைத்த தானியம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்திருக்கும் மணிச்சத்தை எடுக்கும், ஆகவே இரண்டும் ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சண்டை போடுவதில்லை என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது. நொரிஹாரு ஏ பின்னாளில் நிலக்கடலையையும் ஆராய்ந்தார். அதன் வேர்ச் செல்சுவருக்கே இரும்பிடமிருந்து மணிச்சத்தைக் கழற்றும் திறன் இருப்பதைக் கண்டார். செம்மண் கொல்லையில் இந்த இரண்டு செடிகளும் தாக்குப்பிடிப்பது சும்மா இல்லை.

வேர் கொடுப்பதில் ஒரு நல்ல பங்கு பூஞ்சைக்கும் போகிறது. 1885-ல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் இதற்கு மைக்கோரைசா, அதாவது பூஞ்சை வேர், என்று பெயரிட்டார். மரத்தடியில் விளையும் ட்ரஃபிள் காளானைச் சாகுபடி செய்ய வழி பார்க்கச் சொல்லி பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டிருந்தது. அவர் வேரையும் பூஞ்சையையும் பிரிக்க முடியாத ஜோடியாகக் கண்டுபிடித்துவிட்டார். நம் பயிர்களில் இருப்பது வேறு வகைப் பூஞ்சை, ஆனால் ஏற்பாடு அதேதான். வேர் நுழைய முடியாத மயிரிழைச் சந்துகளில் பூஞ்சை இழை நுழைந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி தான் செய்த உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்கு அளக்கும். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கற்படிவங்களிலேயே இந்தக் கூட்டு இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு இன்றைக்கு நாம் சொல்லும் வேர் என்ற உறுப்பே சரியாக உருவாகவில்லை. வேருக்கு முன்னால் பூஞ்சை வந்துவிட்டது!

பூஞ்சை எப்படி வேரைக் கண்டுபிடிக்கிறது? வேர் கூப்பிடுகிறது. மணிச்சத்துப் பசி எடுத்தால் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மிக மிகக் கொஞ்சமாக மண்ணில் விடும். பக்கத்தில் இருக்கும் பூஞ்சை இழை அதை உணர்ந்ததும் கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேடி வரும். இது 2005-ல்தான் தெரிய வந்தது. ஆனால் அந்தப் பொருளில் ஒன்றை 1966-லேயே பருத்தி வேரிலிருந்து பிரித்து எடுத்திருந்தார்கள். எதற்காகத் தெரியுமா? சுடுமல்லிக்காக.

சோளக் கொல்லை வைத்திருந்தவர்களுக்குச் சுடுமல்லி தெரியும். ஒரு சாண் உயரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூவோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே அதன் வேர் சோளத்தின் வேரில் பல்லைப் பதித்திருக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும், தூசி மாதிரி. அந்த விதைகள் பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு தூங்கும். சோள வேர் பூஞ்சையைக் கூப்பிட விடும் அதே ஸ்ட்ரைகோலாக்டோன் காதில் விழுந்தால்தான் விழிக்கும். பசித்தவன் உறவுக்காரனைக் கூப்பிட்ட குரலைக் கேட்டுத் திருடன் வந்து நிற்கிறான். மெலிந்த நிலத்தில் சுடுமல்லி அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம், பசி கூடினால் குரலும் கூடும். அதனால் மண்ணைத் தேற்றுவதுதான் எனக்குத் தெரிந்த வரையில் முதல் மருந்து.

எங்கள் பக்கத்து ஜவ்வாது மலைச் சந்தனமரமும் இந்த ஜாதிதான். அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை வாங்கும். நாற்றங்கால்களில் சந்தனக் கன்றுக்குத் துணையாகத் துவரையை விதைப்பார்கள். துவரைக்கு எத்தனை வேலை பாருங்கள்.

சரி, கழனிக்கு வருகிறேன். கொல்லை மேட்டில், கழனி ஏரிக்குக் கீழே. நெல் நட்டு நாலைந்து நாளில் அப்பா ஒரு குத்தைச் சேற்றோடு எடுத்து அலசிப் பார்ப்பார். வெள்ளை வேர் விட்டிருந்தால் "பச்சை பிடிச்சிடும்" என்று மறுபடி ஊன்றிவிடுவார். அதே பயிரைக் கதிர் வாங்கும் சமயத்தில் எடுத்துப் பார்த்தால் வேர்கள் செங்கல் நிறத்தில் இருக்கும், நுனி மட்டும் வெளுப்பாக. அது துரு. நிஜமாகவே இரும்புத் துரு. தண்ணீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. நெல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குகிறது. வேரைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் சிலந்திவலை மாதிரி காற்றறைகள் தெரியும். அந்தக் காற்று வேரிலிருந்து கொஞ்சம் சேற்றில் கசிய, அங்கே கரைந்திருக்கும் இரும்பு துருப்பிடித்து வேர்மேல் படிகிறது. துர்நாற்றத்தோடு வேர் கறுத்துப்போயிருந்தால் மட்டும் பயப்பட வேண்டும். கந்தக நச்சு சேர்ந்துவிட்டது, தண்ணீரை வடித்துக் கழனியைக் காய விட வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் கழனியின் வடகிழக்கு மூலையில் பயிர் குட்டையாக நின்றது. அதற்கு முந்தைய அறுவடையில் நிலம் காயாமலே அறுப்பு மிஷினை இறக்கிவிட்டோம். மிஷின் திரும்பியது அந்த மூலையில்தான். உரம் போதவில்லை என்று அப்பா இன்னொரு கை யூரியா வீசினார். மறுவருஷமும் அப்படியேதான். கழனி காய்ந்ததும் மண்வெட்டியால் ஒரு பக்கமாகச் சீவிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழம் வரை வேர்கள் நேராக வந்திருந்தன. அங்கே எல்லாமே முழங்கையை மடக்கியது போலத் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. நுனி தடித்து மொண்ணையாக இருந்தது. மற்ற இடத்து வேர் நுனி ஊசி போல இருக்கும்.

மண் இறுகிவிட்டது, வேரால் துளைக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே முதலானோர் செய்து 2021-ல் வெளிவந்த ஆய்வு வேறு கதை சொன்னது. வேர் நுனி எப்போதும் எத்திலீன் வாயுவைக் கொஞ்சம் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன். மண் பொலபொலவென்று இருந்தால் அது சந்துபொந்து வழியாகப் போய்விடும். மண் இறுகினால் வெளியேற வழியில்லாமல் வேரைச் சுற்றியே தேங்கும். தேங்கிய எத்திலீனைத்தான் வேர் 'இதற்கு மேல் வழியில்லை' என்று புரிந்துகொண்டு, நீளுவதை நிறுத்தித் தடிக்கிறது. எத்திலீனை உணர முடியாத நெற்செடிகளை அதே இறுகிய மண்ணில் வளர்த்தபோது வேர் உள்ளே இறங்கியது! வேருக்குப் பலம் இருந்திருக்கிறது. தன் மூச்சு திரும்பி முகத்திலேயே அடித்ததால் நின்றிருக்கிறது. அந்த மூலையில் வீசிய யூரியாவை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். கேட்காத ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கொல்லையில் துவரைச் சால் நின்றுபோய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மல்லாட்டை பிடுங்கியதும் டிராக்டர் விட்டு நிலத்தை ஓட்ட வேண்டும், நடுவில் துவரை நின்றால் இடைஞ்சல். ஆயா போன அடுத்த ஆடியில் அப்பா அதை விட்டுவிட்டார். கிணற்றோரம் பதினைந்து செடி மட்டும் வீட்டுப் பருப்புக்காக நிற்கும். போன மாசியில் அறுப்பு முடிந்த பிறகு, அதில் ஒன்றின் வேரை முழுசாகப் பார்த்துவிடுவது என்று கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினேன். பிடுங்கினால் வராது, பக்கத்தில் குழி வெட்டி ஓரத்தைச் சீவிச் சீவித்தான் பார்க்க வேண்டும். முதல் ஒரு முழத்துக்குப் பக்கவேர்கள் கூரைச்சட்டம் மாதிரி பரவியிருந்தன. ஆணிவேர் இடுப்பளவு ஆழத்திலும் சுண்டுவிரல் கனத்தில் இருந்தது. அதற்குக் கீழே மொரம்பு. கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கிற மண். இதோடு நின்றிருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றிக் குச்சியால் நோண்டியபோது, இரண்டு கல்லுக்கு நடுவே பென்சில் போகும் அளவுக்கு ஒரு பொந்து தெரிந்தது. பொந்தின் சுவரில் கறுப்பாக மக்கிய தோல் ஒட்டியிருந்தது. முன்பு எப்போதோ நின்ற ஒரு செடியின் செத்த வேர் அது. அந்தப் பழைய வழியில்தான் இந்த வேர் வெள்ளையாக, நூலாக இறங்கிப் போயிருந்தது. நுனி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து குழியின் விளிம்பில் குந்தி, அந்தப் பொந்துக்குள் ஒரு துவரை மிளாரை விட்டுப் பார்த்தார். ஒரு முழ மிளாரும் உள்ளே போய்விட்டது.

"கன்னுக்குட்டி விழுந்துடும், மூடு" என்றார். நான் மண் தள்ளிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் பேசினார். "ஆயா ஆறு சாலுக்கு ஒண்ணுதானே போடும்? எட்டுக்கு ஒண்ணு விட்டா டிராக்டர் போவும். விதை அந்தக் குதிர்ல இருக்குதா பாரு, வண்டு வெச்சிருக்கும்."

வீட்டுக்குப் போய்க் குதிரைத் திறந்து பார்த்தேன். வேப்பிலைச் சருகுக்குக் கீழே இரண்டு படி இருந்தது. பாதிக்கு மேல் வண்டு வைக்கவில்லை.